முப்பத்தொன்பது டாலர் இரட்டைக்காலும் தேநீர் அண்டாவும்

பிண்டூரா,
யார்க் தீபகற்பம்,
தெற்கு ஆஸ்திரேலியா.
ஞாயிறு மாலை.

‘தீபகற்பச் சுடுநர் மடல்’ ஆசிரியர் உயர்திரு கெர்டா லிண்ட்னர் அம்மையார் அவர்களின் சமூகத்துக்கு,

பிண்டூரா துப்பாக்கிக் கழகத்தின் உறுப்பினன் (நேற்று மாலை நாலு மணி வரை) மெர்வின் ட்ரெகோனிங் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி பெரில், நாய், எல்லோரும் என் இடது கை நீங்கலாக சௌக்கியம். பார்லி இந்த வருஷம் இடுப்பளவு நிற்கிறது. அங்கே தாங்களும், தங்கள் அச்சு இயந்திரமும், சென்ற கடிதத்தில் குறிப்பிட்டிருந்த தங்கள் வலது முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

தாங்கள் சென்ற மாதம் துப்பாக்கிக் குழலின் அடியில் மாட்டுகிற பைபாட் என்னும் இரட்டைக்கால் ஒன்றைத் தபாலில் அனுப்பி, “விலை முப்பத்தொன்பது டாலர் தொண்ணூற்றைந்து காசு. இந்த விலைக்கு இது தேறுமா, தேறாதா? நேர்மையாக ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்” என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் போதாது, மன்னிக்கவும். நேர்மையைப் பற்றி என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்து நான்கு வருஷம் தானியக் கிடங்கின் எடைமேடையில் நின்று, வந்த லாரி ஒவ்வொன்றிலும் குத்தூசியை விட்டு, பார்லி தேறும் தேறாது என்று சொன்னவன் நான். பெரிலின் அப்பா கொண்டுவந்த பார்லியையே ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பினேன். அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

சாமானைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக இடது கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் தட்டு தாளம் போடுகிறது. நாற்பத்தைந்து வருஷமாக நான் வார் கட்டிச் சுடுகிறவன், அதாவது தோல் வாரைக் கையில் முறுக்கிச் சுற்றிக்கொண்டு, குப்புறப் படுத்து, எலும்பையும் தசையையும் மட்டும் நம்பிச் சுடுகிறவன். துப்பாக்கிக்குக் கால் மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ‘மேஜை நாற்காலிக் கோஷ்டி’ என்று பெயர் வைத்ததே நான்தான். அந்தப் பெயர் இப்போது மூன்று மாவட்டத்தில் வழங்குகிறது. அப்படிப்பட்டவனுக்குப் போன இரண்டு போட்டியிலும் ஐந்து ஐந்து குண்டு இலக்குப் பலகையிலேயே படாமல் மணலுக்குள் போயிற்று. மறு வாரம் எங்கள் கழகத்தின் கேப்டன், ஜோடி என்று பெயர், வீட்டுக்கு வந்தாள். பக்கத்துப் பண்ணைப் பெண். கையில் சுடச்சுட பேஸ்டி, அதாவது இறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் மடித்துச் சுட்ட பலகாரம், கொண்டுவந்திருந்தாள். அந்தப் பெண் வெறுங்கையோடு வந்தால் நல்ல சேதி, பேஸ்டியோடு வந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

“மெர்வ் மாமா, கோவிச்சுக்காதீங்க. கமிட்டியில பேச்சு வந்துடுச்சு.”

“யாரப் பத்தி?”

“உங்களப் பத்திதான். வர்ற சனிக்கிழமை சாம்பியன் போட்டியில பத்துல எட்டு குண்டாவது பலகையில படணுமாம். இல்லன்னா…”

“இல்லன்னா?”

“அண்டாவ நீங்க பாத்துக்கிட்டா நல்லாருக்கும்னு அபிப்பிராயப்படுறாங்க.”

தங்களுக்குத் தெரியும், எங்கள் கழகத்தில் யாரையும் போ என்று சொல்ல மாட்டார்கள். தேநீர் அண்டாவைக் கொடுப்பார்கள். ஆறு வருஷம் முன்பு வில்ஃபிடம் கொடுத்தார்கள். நான் ஜெயிக்கத் தொடங்கும் முன்பே மூன்று முறை சாம்பியன் ஆன மனுஷன். அதற்குப் பிறகு, நேற்று வரை, அவர் வாயிலிருந்து “சர்க்கரை ஒண்ணா ரெண்டா?” என்பதைத் தவிர வேறு வார்த்தை நான் கேட்டதில்லை. சனிக்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் மிச்ச ஆறு நாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஜோடிதான், “ஆசிரியரம்மா உங்களுக்கு ஒரு பைபாட் அனுப்பியிருக்காங்களாமே, அதையே மாட்டிப் பாருங்களேன்” என்றாள். “நானா? மேஜை நாற்காலிக் கோஷ்டியிலயா?” என்றேன். “அண்டாவுக்கு அது தேவலையே மாமா” என்றாள். பேஸ்டியைத் தின்றுகொண்டே சம்மதித்தேன்.

ஆக, தாங்கள் அனுப்பிய சாமான் என் மானத்தைக் காக்க வந்த சாமான். அது செய்த காரியத்தை வரிசையாகக் கேளுங்கள். பெட்டியில் இருந்த விளக்கத்தாளில் ஏழு படம், ஒரு எழுத்து கிடையாது. ஐந்தாம் படத்தில் காட்டிய வேலையைச் செய்ய மூன்று கை வேண்டும். (தாங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், வெடிக்க வைக்கிற போல்ட்டைக் கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டிய பிறகுதான் துப்பாக்கியைச் சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தேன்.) ஒன்றரை மணி நேரம் திருகி மாட்டி நிமிர்ந்தால், கால்கள் முன்பக்கம் மடங்குவதற்குப் பதில் பின்பக்கம் மடங்கி விசைக்குப் போய் முட்டுகின்றன. திருப்பி மாட்டினேன். பிறகு பக்கவாட்டில் இருந்த பொத்தானை லேசாகத் தொட்டேன் அம்மா, சும்மா தொட்டேன், கால் ஸ்பிரிங்கோடு பாய்ந்து வெளியே வந்து தக்காளி சாஸ் பாட்டிலை அடித்தது. பாட்டில் ஜன்னலுக்குப் போயிற்று. ஜன்னலில் தேவாலயக் கண்காட்சிக்காகப் பெரில் தைத்துத் தொங்கவிட்டிருந்த வெள்ளைத் திரைச்சீலை.

“ஏங்க, நாப்பத்தஞ்சு வருஷம் அந்த வாரைச் சுத்திக்கிட்டு கட்டாந்தரையில படுத்தீங்க, ஒரு வார்த்தை சொன்னேனா? இப்ப அதுக்குக் கால் முளைச்சு என் திரைச்சீலைய உதைக்குது!”

“அது உதைக்கல பெரில், ஸ்பிரிங்கு கொஞ்சம் விறைப்பு.”

“விறைப்பாம் விறைப்பு. உங்களுக்கும் அதுக்கும் நல்ல பொருத்தம்.”

மறுநாள் காலையில் பார்த்தால் இரட்டைக்காலைக் காணோம். சமையல் மேடையில் நிற்கிறது, மேலே பெரிலின் சமையல் புத்தகம். “இதுல ஒரு குறையும் இல்லைங்க, பக்கம் புரளவே இல்ல” என்றாள். இந்தச் சாமானைப் பற்றி இந்த வீட்டில் யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. நேர்மைக்காக அதையும் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை ஜோடியின் பின்வயலில் சோதனை. கோஷ்டிக்காரர்களுக்குத் தொலைநோக்கி வைத்துச் சுட அனுமதி உண்டு என்பதால் கடையில் ஒன்று இரவல் வாங்கியிருந்தேன். முதலில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து மூன்று குண்டு சுட்டேன். மூன்றும் இலக்காக நட்டிருந்த தகர மூடியின் நட்டநடுவில். இதைத் தாங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், துப்பாக்கியிலும் தொலைநோக்கியிலும் கோளாறு இல்லை. சரி, இனி இரட்டைக்காலை மாட்டுவோம் என்று எழுந்தபோது ஒரு ஈமு கோழி தன் ஏழு குஞ்சுகளோடு வந்து மூடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அதற்கு எங்கேயும் போகிற உத்தேசம் இல்லை. ஆகவே சோதிக்காத சாமானோடு நேரே சாம்பியன் போட்டிக்குப் போனேன். எடைமேடைக்காரன் செய்யக்கூடாத காரியம், ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. சுடும் மேட்டில் போன வருஷம் சிமெண்டு போட்டுவிட்டார்களல்லவா, அதில் இரட்டைக்கால் சறுக்கும், அதற்காகக் கோஷ்டிக்காரர்கள் ஆளுக்கொரு கம்பளத் துண்டு கொண்டுவருவார்கள். என்னிடம் ஏது கம்பளம்? வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடியைப் பெரிலுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தேன். ‘காலைத் துடைக்கவும்’ என்று எழுதியது. அதை விரித்து இரட்டைக்காலை நிறுத்துகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் படுக்க வந்தவன் யார் என்கிறீர்கள்? ராஸ் பென்பெர்த்தி. பெரிலின் அண்ணன், என் மச்சான். எங்கள் கழகத்தின் சாம்பியன் பரிசான செம்புக் கெண்டியை இருபத்திரண்டு வருஷமாக எங்கள் இரண்டு வீட்டு அலமாரி தவிர மூன்றாவது அலமாரி பார்த்ததில்லை. அவன் பதினொன்று, நான் பதினொன்று.

“என்ன மச்சான், வீட்டையே காலி பண்ணிக்கிட்டு வந்துட்டியா? மிதியடி இருக்கு, கால் இருக்கு. திரைச்சீலை எங்க?”

“சாஸ் கொட்டிடுச்சு, தொவைக்கப் போட்டிருக்கு. நீ உன் வேலையப் பாரு.”

“இரு இரு. நாலா அஞ்சா, உன் பலகை எது?”

“எனக்கு நாலு, உனக்கு அஞ்சு. இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருக்கு, கண்ணு தெரியலயா?”

“தெரியாம என்ன, சும்மா கேட்டேன்” என்று படுத்துக்கொண்டான்.

மிதியடி நார் முரடு. இரட்டைக்காலில் ஒரு கால் மற்றதைவிட ஒரு பல் அளவு குட்டை. துப்பாக்கி வலப்பக்கமாகவே ஒதுங்கிக்கொண்டிருந்தது, தோளைக் கொடுத்து நெம்பி நெம்பி நேராக்கினேன். தொலைநோக்கிக்குள் பார்த்தேன். கறுப்பு வட்டம் ஒன்று கண் நிறைய வந்து நின்றது, அசையவே இல்லை. அம்மா, உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ஒரு பொருள் என் முன்னால் ஆடாமல் நிற்கிறது. காற்றுக் கொடி தணிகிற வரை காத்திருந்து, மூச்சை விட்டு, சுட்டேன். ராஸும் சுட்டான். கொஞ்ச நாளாக எங்கள் இரண்டு வெடியும் ஒன்றாகத்தான் கேட்கிறது, இருபத்திரண்டு வருஷப் பழக்கம் போலிருக்கிறது. முந்நூறு மீட்டருக்கு அப்பால் ஐந்தாம் பலகை கீழே இறங்கிற்று, நடுப்புள்ளியில் வெள்ளைத் தட்டோடு மேலே வந்தது. நாலாம் பலகை நின்ற இடத்திலேயே நின்றது. குண்டு பட்டால்தான் கீழே குழியில் இருப்பவர்கள் பலகையை இறக்கி, பட்ட இடத்தில் தட்டைக் குத்தி ஏற்றுவார்கள்.

ஜோடி வயர்லெஸ்ஸில், “நாலுல பாருங்க” என்றாள். இலக்குக் குழியில் இருந்தவர், “நாலுல ஒண்ணும் இல்ல” என்றார். மறுபடி காத்திருந்தேன், மறுபடி சுட்டேன். ஐந்து இறங்கிற்று, ஏறிற்று, நடுப்புள்ளி. நாலில் ஒன்றும் இல்லை. இப்படிப் பத்து தடவை, அதில் ஒன்றுதான் நடுப்புள்ளியிலிருந்து ஒரு விரல் தள்ளி. பத்தாவது தடவை ஜோடி குழியைக் கூப்பிடவே இல்லை. ராஸுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. எனக்கு முட்டை. நாற்பத்தைந்து வருஷத்தில் முட்டை வாங்கியதே இல்லை அம்மா, காய்ச்சலில் சுட்டபோதுகூட இல்லை. வில்ஃப் மெதுவாக வந்து என் தோளில் கை வைத்தார். “மூடி மட்டும் கொஞ்சம் இறுக்கம் மெர்வ். துணி வெச்சுத் திருகணும்” என்றார். ஆறு வருஷத்தில் சர்க்கரையைப் பற்றி இல்லாமல் அவர் பேசிய முதல் பேச்சு.

ராஸ் கெண்டியை வாங்கிக்கொண்டான். வழக்கப்படி ஐந்தாம் பலகையின் காகிதத்தையும் உரித்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். ஜெயித்தவன் தன் குண்டு ஒன்றை நடுப்பொத்தலில் செருகிக் கண்ணாடி போட்டுக் கழகச் சுவரில் மாட்ட வேண்டுமல்லவா, அதற்காக. அவன் என்னைப் பார்த்து ஒரு கிண்டல் பண்ணியிருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போனான். அதுதான் என்னை ராத்திரி முழுக்கத் தின்றது.

ஆகவே ஆசிரியரம்மா, என் தீர்ப்பு இது. மணல் மூட்டையில் மூன்றுக்கு மூன்று சுட்ட துப்பாக்கி இந்த இரட்டைக்காலில் பத்துக்குப் பூஜ்யம் சுட்டது. பார்ப்பதற்கு அசையாமல் நிற்கிறது, நின்றபடியே ஆளைக் கவிழ்க்கிறது. இதைச் செய்தவன் துப்பாக்கியை வாழ்க்கையில் பார்த்ததில்லை. தேறாது. இந்தச் சொல்லைத் தங்களிடம் உள்ள மிகப் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே கீழ்க்கண்ட விளம்பரத்தையும் போட்டுவிடுங்கள்: ‘துப்பாக்கி ஒன்று, நாற்பது வருஷம் ஒரே கையில் இருந்தது, விற்பனைக்கு. தோல் வார் இலவசம்.’ வாரைத் தனியாக வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தங்கள் மடல் மேலும் மேலும் வாசகர்களைப் பெற்று விளங்கட்டும். தங்கள் முழங்கால் மழை வருவதை முன்கூட்டி அறிவிக்காமல் வானிலைக்காரர்களிடமே விட்டுவிடட்டும். பெரில் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், மிதியடியையும் கேட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மெர்வின் ட்ரெகோனிங்,
எடைமேடை (ஓய்வு), அண்டா (நியமனம்).

பின்குறிப்பு: திங்கள் காலை. மேலே எழுதியதில் திரைச்சீலை, ஈமு இரண்டையும் தவிர எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபாலாபீசுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டுகிறேன், ராஸின் கார் வந்து எங்கள் தபால் பெட்டிக் கம்பத்தில் இடித்து நின்றது. ஒரு கையில் கெண்டி, மறு கையில் அந்தக் காகிதச் சுருள். சமையலறைக்கு வந்து இரண்டையும் மேஜையில் வைத்தான்.

“மச்சான், இது உன்னோடது.”

“கிண்டல் பண்ண ரெண்டு நாள் கழிச்சு வந்தியா?”

“கிண்டல் இல்லய்யா. கண்ணாடி போடலாம்னு என் குண்ட எடுத்து நடுப் பொத்தல்ல செருகினேன். போகல. அடுத்ததுல வெச்சேன், போகல. பத்துலயும் வெச்சுப் பாத்துட்டேன், ஒண்ணுலயும் என் குண்டு நுழையல.”

ராஸின் துப்பாக்கிக் குண்டு ஏழரை மில்லிமீட்டருக்கு மேலே பருமன். என்னுடையது ஐந்தரை. நான் எழுந்து போய் என் தோட்டா ஒன்றிலிருந்து குண்டைக் கழற்றிக்கொண்டு வந்து நடுப்பொத்தலில் வைத்தேன். சுகமாக உள்ளே போய் நின்றது. பத்துப் பொத்தலையும் ஒரு சின்னத் தட்டை வைத்து மூடலாம். துப்பாக்கி வலப்பக்கமாக ஒதுங்கியது என்று எழுதினேன் அல்லவா? ஒதுங்கி ஐந்தாம் பலகையில் போய் நின்றிருக்கிறது. தொலைநோக்கிக்குள் கறுப்பு வட்டம்தான் தெரியும், எண் தெரியாது. நாற்பத்தைந்து வருஷம் வெறுங்கண்ணால் பார்த்தவனுக்கு எண்ணைத் தனியாகத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

“சரி, அது என் குண்டு. அப்ப நீ சுட்ட பத்தும் எங்கய்யா போச்சு?”

ராஸ் கெண்டியின் மூக்கைத் தடவினான்.

“மணலுக்குத்தான் போயிருக்கும். எனக்குப் பலகை கலங்கலாத்தான் தெரியுது. கொடி சுத்தமா தெரியல. கண்ணுல புரையாம், ஒரு வருஷமா இருக்கு.”

“கொடி தெரியாமதான் என்கூட ஒரே நேரத்துல சுடுறியா?”

“நீ மூச்சு விடுவ பாரு, அதக் கேட்டுட்டு விசைய அமுக்குவேன்.”

“அடப்பாவி! வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“சொன்னா அண்டாவக் குடுத்துடுவாங்களே.”

“பின்ன இப்ப மட்டும் ஏன் சொல்ற? கெண்டியோட பேசாம இருந்திருக்கலாம்ல?”

“நீ அண்டாகிட்ட போயிட்டா நான் யாரு மூச்சக் கேக்குறது மச்சான்?”

கெண்டியை அவன் பக்கம் தள்ளினேன். மற்றவன் பலகையில் சுட்டால் சுட்டவனுக்குப் பூஜ்யம், இது சட்டம், ஆகவே கெண்டி உனக்கு என்றேன். என் குண்டு ஒன்றுகூட அதில் இல்லை, உனக்குத்தான் என்று அவன் என் பக்கம் தள்ளினான். இருபத்திரண்டு வருஷம் பிடுங்கிக்கொண்ட சாமானை அரை மணி நேரம் தள்ளிக்கொண்டிருந்தோம். பெரில் வந்தாள், “ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா எனக்கு வேணும்” என்று எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அதில் தண்ணீர் ஊற்றியது இதுதான் முதல் தடவை. அடியில் ஓட்டை. அடுப்பு அணைந்துவிட்டது.

ஜோடிக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னோம். ராஸை அவள் திட்டிய திட்டை மடலில் அச்சிட முடியாது. கண் தெரியாமல் துப்பாக்கி எடுத்தவனை அப்படித்தான் திட்ட வேண்டும். உடனே பேஸ்டியோடு வந்து அவனுடைய போல்ட்டை வாங்கிப்போய்த் தன் பெட்டியில் பூட்டிவிட்டாள். வியாழக்கிழமை அவனுக்குக் கண் ஆபரேஷன், பெரில் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்காருகிறேன். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும் வரை, ஆறு வாரமோ என்னவோ, அண்டா அவனுக்கு. எனக்கு? “பத்தும் ஒரே தட்டுக்குள்ள விழுந்திருக்கு மாமா. கை ஆடுறவங்களுக்குத்தான் அண்டா, எண்ணத் தெரியாதவங்களுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே திருத்திய தீர்ப்பு: முப்பத்தொன்பது டாலருக்கு இதற்கு மேல் ஒரு இரட்டைக்கால் கிடைக்காது. தேறும். அதே பெரிய எழுத்தில் போடவும். சுடுவதற்கு முன் தலையைத் தூக்கிப் பலகையின் எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டால் போதும். துப்பாக்கி விற்பனை விளம்பரத்தைக் கிழித்துவிடவும். இரட்டைக்காலைத் திருப்பி அனுப்ப இயலாது, சமையல் புத்தகம் அதன்மேல் நிற்கிறது. சனிக்கிழமைகளில் மட்டும் எனக்குத் தருவதாகப் பெரில் சொல்லியிருக்கிறாள்.

இதை எழுதும்போது ராஸ் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாவது பேஸ்டியைத் தின்கிறான். “மச்சான், அந்த அண்டா மூடி ரொம்ப இறுக்கமாமே?” என்று இப்போதுதான் கேட்டான்.

துணி வைத்துத் திருகச் சொன்னேன்.